ஆளில்லாத வரிசை

மத்தியானச் சாப்பாடு முடித்துக் கை கழுவிவிட்டு திருமூர்த்தி மேஜைக்குத் திரும்பியபோது அந்த வரி மறுபடியும் திரையில் வந்து நின்றிருந்தது. இந்த வேலையைச் செய்ய வேண்டிய பிராசஸர் இதுவல்ல என்று மெஷினை உள்ளிருந்து நடத்துகிற கர்னல் என்னும் மென்பொருள் முனகுகிற வரி, அதற்குக் கீழே யார் யாரைக் கூப்பிட்டு இங்கே வந்து சேர்ந்தார்கள் என்கிற நீண்ட வால். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் மவுஸை நகர்த்தினான். வலது கைக்கு ஒன்றும் இல்லை, பிடிமானம் முழுதாகத் திரும்பிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஆனாலும் சாப்பிட்ட பிறகு கொஞ்ச நேரம் அது வேறு யாருடைய கையோ போலக் கனக்கும், அதை யாரும் பார்த்துவிடக் கூடாது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் லேபில் சோதனைக்கான மெஷின் இரைந்துகொண்டிருந்தது. அதற்குள் ஒரு ஸ்கிரிப்ட் டிஸ்கில் ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கிறது, இன்னொரு ஸ்கிரிப்ட் பிராசஸர்களை ஒவ்வொன்றாக எடுக்கிறது, திரும்ப வைக்கிறது, எடுக்கிறது. எடுப்பதென்றால் கையால் இல்லை, இனிமேல் நீ இல்லை என்று ஒரு கட்டளை, அவ்வளவுதான், சில்லு அதே இடத்தில்தான் இருக்கும், சூடு தணிந்து, யாரும் கூப்பிடாமல். வாடிக்கையாளர் ஒரு கண் மருத்துவமனை. நோயாளிகளின் கண் படங்களெல்லாம் இவர்கள் கம்பெனி செய்து கொடுத்த சேமிப்புப் பெட்டிகளில் இருக்கின்றன. கூட்டம் இல்லாத வேளையில் கரண்ட்டை மிச்சம் பிடிக்கப் பாதிப் பிராசஸர்களை அணைத்துவிடுகிறார்கள், அப்போதுதான் இந்த வரி வருகிறது, அங்கே இருக்கிறவர் பயந்துபோய்ப் போனில் படம் பிடித்து அனுப்புகிறார், படத்தில் அவருடைய கட்டைவிரல் நிழலும் விழுந்திருக்கிறது.

“வெறும் சத்தம், மூர்த்தி,” என்று காலையில் ஸ்ரீவத்சன் பெங்களூரிலிருந்து கூப்பிட்டுச் சொல்லியிருந்தான். மேனேஜர், இவனைவிட எட்டுப் பத்து வயது சின்னவன், மரியாதையாகப் பேசுகிறவன். “உலகம் பூரா எல்லாரும் பார்த்த வார்னிங்தானே அது. டேமேஜ் ஒண்ணும் இல்லை. அந்த வரியை எடுத்துட்டு ஒரு பேட்ச் குடுத்துடுங்க, சாயங்காலம் வீடியோ கால்ல பேசி முடிச்சிடலாம். நீங்க இப்பதான் லீவ் முடிஞ்சு வந்திருக்கீங்க, சின்ன வேலையா இருக்கட்டும்னுதான் உங்களுக்குக் குடுத்தேன்.” சின்ன வேலை. அந்தச் சொல் காலையிலிருந்து பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி நாக்கைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. ஸ்ரீவத்சன் சொன்னதில் பொய் இல்லை. டிஸ்குக்குப் போகும் வேலைகள் ஒரே வாசல் வழியாகப் போவதில்லை, பல வரிசைகள், ஒவ்வொரு வரிசைக்கும் இன்னின்ன பிராசஸர் என்று பங்கு உண்டு. ஒரு வரிசையின் வேலையை அதற்குரிய பிராசஸரிடம் கொடுக்கப் போகிற அந்த நொடியில் பிராசஸரை எடுத்துவிட்டால் வேலை வேறொன்றின் தலையில் விழும், அது செய்தும் முடித்துவிடும், முடித்துவிட்டு இது என் வேலை இல்லையே என்று ஒரு வரி முனகும். தீங்கில்லைதான். முன்பென்றால் திருமூர்த்தியே அதைச் சொல்லி, அந்த வரியை எடுத்துவிட்டு, டீக்குப் போயிருப்பான். முன்பென்றால். அந்த வார்த்தை வந்ததும் மனசு தன் பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போய் அந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் நின்றது. மாடியில் புதிதாக ஒரு பாத்ரூம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கொத்தனார் மாரப்பன் கரண்டியோடு நின்று, குழாய் எந்தப் பக்கம் வரோணுங்க என்று கேட்டார். இவன் கையை நீட்டி, மழை இந்தப் பக்கம் வரட்டும் என்றான். மாரப்பன் வானத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இவனுக்கு ஏன் சிரிக்கிறார் என்று புரியவில்லை. மழை, மழை, இந்தச் செவுத்துல மழை வைங்க என்று கோபமாகவே சொன்னான், குழாய் என்றுதான் தான் சொல்லிக்கொண்டிருப்பதாக அவனுக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தது. வெயில். சிமெண்ட் வாசனை. வலது செருப்பு காலை விட்டுக் கழன்று போனதைப் பார்த்தான், கழன்றது காலுக்குத் தெரியவில்லை. மனைவி சுகந்தி படியேறி வந்து அவன் முகத்தைப் பார்த்தாள், பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் மாரப்பனிடம், அண்ணா இவரைப் பிடிங்க, கார் சொல்றேன் என்றாள். அவள் குரல் அப்போது எவ்வளவு சாதாரணமாக இருந்தது. ஸ்கூலில் பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொல்கிற குரல்.

ஆபீசில் சொன்னது பி.பி. என்று. பி.பி. ஏறிவிட்டது, ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அது பொய்யில்லை, பி.பி.யும்தான் ஏறியிருந்தது. அரசல்புரசலாகக்கூட இங்கே யாருக்கும் தெரியாது, மூளையின் இடது பக்கத்தில் ஒரு சின்ன இடம் இருண்டு போயிருப்பதும், ஸ்கேன் படத்தில் அது பட்டாணி அளவுகூட இல்லை என்பதும், அந்தப் பட்டாணிக்குள் எத்தனை வார்த்தைகள் குடியிருந்தன என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாததும். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் அட்டைகளைக் காட்டுவாள். சீப்பு. குடை. பிறகு ஓர் அட்டையில் சுவரில் சாய்த்து வைத்த அது. அவனுக்கு அது என்னவென்று தெரியும், அதில் ஏறித்தான் ஒவ்வொரு வருஷமும் ஃபேன் துடைக்கிறான், மூன்றாவது கட்டை லேசாக ஆடும், பொங்கலுக்கு முன்னால் சுகந்தி கீழே நின்று அதைப் பிடித்துக்கொண்டு பார்த்துங்க பார்த்துங்க என்பாள், எல்லாம் தெரியும், பெயர் மட்டும் இல்லை. தேடினால் அந்த இடத்தில் சுவர் வழவழப்பாக இருக்கும். ஏணி என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னபோது ஏதோ வெளிநாட்டுச் சொல்லைக் கேட்பது போல இருந்தது. இப்போது ஏணி வருகிறது. ஏணி, ஏணி. மாதங்கள் போய்விட்டன, பெரும்பாலும் எல்லாம் வருகிறது, போன வாரம் மார்க்கெட்டில் பீர்க்கங்காய் மட்டும் வரவில்லை, கையைக் காட்டி வாங்கினான், காய்க்காரி ஒன்றும் நினைக்கவில்லை. மெஷினில் பிராசஸரை எடுப்பதற்கும் இதற்கும் முடிச்சுப் போட்டுப் பார்க்கிற எண்ணம் ஒன்று இரண்டு நாளாகவே கதவுப் பக்கம் வந்து வந்து நிற்கிறது, அவன் அதை உள்ளே விடவில்லை. மெஷினுக்கு எடுத்ததைத் திரும்ப வைக்கலாம். மெஷினுக்குப் பயமில்லை. வேலையைப் பார்.

“அண்ணா, ஒண்ணு சொல்லட்டுங்களா?” நஸ்ரின் வந்து மேஜையோரம் நின்றாள். டெஸ்டிங் பார்க்கிற பெண், குனியமுத்தூரிலிருந்து வருகிறவள், ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அது தீரும் வரை சாப்பிடக்கூடப் போகமாட்டாள். “அந்த வார்னிங் நிறைய தடவை வந்துச்சு. எல்லாத் தடவையும் டிஸ்க்ல எழுதறது ஒழுங்கா முடிஞ்சிடுச்சு. ஆனா செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு தடவை வார்னிங்குக்கு அப்புறம் எழுதறது அப்படியே நின்னுடுச்சுங்கண்ணா. ஸ்கிரிப்ட்டைக் கில் பண்ணாலும் போகல. மெஷினை ஆஃப் பண்ணித்தான் எடுத்தேன். ஸ்ரீவத்சன் சார்கிட்ட சொன்னேன், கேபிள் லூசா இருக்கும்னாரு.” “கேபிளைப் பார்த்தியா?” “பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு.” “அந்தத் தடவை எந்தப் பிராசஸரை எடுத்தப்ப?” அவள் யோசிக்கவே இல்லை. “அந்த வரிசைக்குக் கடைசியா இருந்ததை. அதோட மத்ததையெல்லாம் முன்னாடியே எடுத்தாச்சு.” சொல்லிவிட்டு, தான் சொன்னதை அப்போதுதான் தானே கேட்டதுபோல அவனைப் பார்த்தாள். கடைசியாக இருந்தது. திருமூர்த்தியின் முதுகுத்தண்டில் ஏதோ நிமிர்ந்தது, பழைய ருசி ஒன்று, எத்தனையோ மாதமாக நாக்கில் படாத ருசி. “நீ போய்ச் சாப்பிட்டுட்டு வா,” என்றான். அவள் போகவில்லை, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டிபன் பாக்சைத் திறந்தாள்.

கடைசிப் பிராசஸரும் போகிறதென்றால் வரிசைக்கு ஆளே இல்லை. டிஸ்க் எழுதி முடித்துவிட்டு முடிந்தது என்று தட்டிச் சொல்லும், கேட்க அங்கே காது இருக்காது. அதனால்தான் கடைசி ஆளை எடுப்பதற்கு முன்னால் கர்னல் ஒரு முறை வைத்திருக்கிறது. எடுக்கப் போகிறவன் முதலில் வரிசை மூடப்பட்டது என்று கையைத் தூக்குகிறான், அப்புறம் உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கிறான், இருந்தால் முடியும் வரை காத்திருக்கிறான். வரிசைக்குள் வருகிற வேலையும் அப்படித்தான், முதலில் நான் இருக்கிறேன் என்று கையைத் தூக்குகிறது, அப்புறம் வரிசை மூடியாயிற்றா என்று பார்க்கிறது, மூடியிருந்தால் வேறு வரிசைக்குப் போய்விடுகிறது. இரண்டு பேரும் கையைத் தூக்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அப்போது யாராவது ஒருவர் கண்ணில் மற்றவர் பட்டே தீர்வார். திருமூர்த்தி வரிகளைப் படித்தான், தூக்கு, பார், தூக்கு, பார், சரியாகத்தான் எழுதியிருக்கிறது, முதல் வரியில் தூக்குவது, இரண்டாம் வரியில் பார்ப்பது, திரும்பப் படித்தான், நடுவில் ஏதோ இருக்க வேண்டும், படிக்கட்டில் இருட்டில் கால் தேடுகிற அந்தக் கடைசிப் படி மாதிரி, இருக்க வேண்டிய ஒன்று இல்லை. எழுதியிருப்பது இந்த ஒழுங்கில்தான், ஆனால் பிராசஸர் எழுதியபடியா நடக்கிறது, அதற்கு அவசரம், தூக்குவது மெதுவான காரியம், பார்ப்பது சீக்கிரமான காரியம், எனவே பார்த்துவிட்டு அப்புறம் தூக்கும், தனியாக இருக்கும்போது யாருக்கும் தெரியாது. இரண்டு பேர் இருக்கும்போது, இவனும் பார்த்தான் யாரும் கை தூக்கவில்லை, அவனும் பார்த்தான் யாரும் கை தூக்கவில்லை, அப்புறம் இரண்டு பேரும் கையைத் தூக்கினார்கள், பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை. நடுவில் பேரியர் போட வேண்டும், மேலே உள்ளது எல்லார் கண்ணுக்கும் தெரியும்வரை கீழே உள்ளதைத் தொடாதே என்று பிராசஸருக்குச் சொல்கிற ஒற்றை வரி. கர்னலின் அசல் பிரதியைத் திறந்து பார்த்தான். இருந்தது. இவர்களுடைய பழைய பிரதிக்கு யாரோ அதை எடுத்து ஒட்டும்போது அந்த ஒரு வரி விட்டுப்போயிருந்தது. நஸ்ரின் டிபன் பாக்சில் எலுமிச்சை சாதத்தின் வாசனை. கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு குரல் சொன்னது, அந்தக் குரலோடேயே இன்னொன்று எழுந்து வந்தது, மாரப்பனின் சிரிப்பு. அன்றைக்கும் இப்படித்தானே நிச்சயமாக இருந்தது. மழை என்று சொல்லிக்கொண்டே குழாய் என்று சொல்வதாக எவ்வளவு தெளிவாக, எவ்வளவு கோபமாக. நிச்சயம் என்கிற உணர்வும் அந்தப் பட்டாணிக்குப் பக்கத்து வீட்டில்தானே குடியிருக்கிறது. சரியாகப் புரிந்துவிட்டது என்று தோன்றுகிறதே, அந்தத் தோன்றல் கெட்டுப்போயிருந்தால் கெட்டுப்போனது எப்படித் தெரியும், எதை வைத்து அதைச் சோதிப்பது, சோதிப்பதும் அதே தலைதானே. ஒவ்வொரு நாள் காலையிலும் சுகந்தி காப்பியைக் கொடுத்துவிட்டு ஏதாவது கேட்பாள், இன்னைக்கு என்ன கிழமைங்க, கரண்ட் பில் கட்டியாச்சுங்களா, சும்மா கேட்பதுபோல, அவன் சும்மா சொல்வதுபோல, பதில் சரியாக வந்ததும் அவள் தோள் ஒரு துளி இறங்கும். இங்கே தோளை இறக்க யாரும் இல்லை. வரிகளை மறுபடி படித்தான். மறுபடி. கண்ணை மூடிக்கொண்டு படித்தான். தூக்கு, பார். ஏணி. குழாய். பீர்க்கங்காய். எல்லாம் வருகிறது.

போன் அதிர்ந்தது. சுகந்திதான். “ஏனுங்க, மாத்திரை போட்டுட்டீங்களா?” “போட்டுட்டேன்.” “குரல் ஒரு மாதிரி இருக்குதுங்களே.” “ஒண்ணுமில்ல. வேலை கொஞ்சம் இறுக்கமா இருக்கு.” அந்தப் பக்கம் ஸ்கூல் மணியும் பிள்ளைகளின் இரைச்சலும். அவள் கொஞ்சம் பொறுத்து, “தலை கிலை வலிக்குதுங்களா?” என்றாள், வலிக்குதுங்களா என்பதை மெல்ல, யாருக்கும் கேட்காமல். இல்லை என்றான். இல்லை என்பதை அவள் எடை போடுவது போனிலேயே தெரிந்தது. வைத்துவிட்டாள். அவள் கேட்டதனால் இப்போது தலை வலிக்கிற மாதிரி இருந்தது, இடது பக்கம், காதுக்கு மேலே, இல்லை, ஏசி காற்று அந்தப் பக்கம் அடிக்கிறது. வலது கை விரல்களை மேஜைக்கு அடியில் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலோடு தொட்டுப் பார்த்தான். தொட்டன. அப்போதுதான், விரல்களை எண்ணிக்கொண்டிருக்கையில், தலையை நம்பவே வேண்டாம் என்று அவனுக்குப் பட்டது. என் தலையிடம் எதற்குக் கேட்க வேண்டும், மெஷினிடம் கேட்கலாமே. பிராசஸர் ரகசியமாக மாற்றிப் போடுகிற இரண்டு வரிகளையும் நானே பகிரங்கமாக மாற்றிப் போடுகிறேன், பார்த்துவிட்டுத் தூக்கு என்றே எழுதி ஓட்டுகிறேன். நான் நினைப்பது சரியென்றால் எப்போதோ ஒருமுறை நிற்கிறது உடனே நிற்க வேண்டும். தப்பென்றால் ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாவிட்டால். அந்த வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை.

“நஸ்ரின், கையைக் கழுவிட்டு வா,” என்றான்.

இரண்டு பேரும் லேபுக்குள் போனார்கள். உள்ளே குளிர், இரைச்சல், பேசினால் கத்த வேண்டும். புதுக் கர்னல் ஏறி மெஷின் எழுந்துவர நேரம் எடுத்தது. அந்த நேரத்தில் அவன் சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு அறிவிப்பை முழுதாக ஒருமுறை படித்தான், ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். நஸ்ரின் இரண்டு ஸ்கிரிப்ட்டையும் கிளப்பினாள். டிஸ்க் விளக்கு படபடத்தது. ஒரு பிராசஸர் போனது, வந்தது. இன்னொன்று போனது. வரிசையின் பங்காளிகள் ஒவ்வொருவராகப் போய் கடைசி ஆள் போனபோது திரையில் அந்த வார்னிங் வந்தது, பின்னால் டிஸ்க் விளக்கு சட்டென்று நின்றது. நின்றேவிட்டது. நஸ்ரின் விரலால் திரையைத் தட்டிப் பார்த்தாள், தட்டினால் என்ன ஆகும் என்று அவளுக்கே தெரியாது. “அண்ணா!” என்றாள். “இன்னொரு தடவை,” என்றான். இன்னொரு தடவையும் நின்றது. அதற்கப்புறம் வரிகளைப் பழையபடி திருப்பி, நடுவில் அந்த ஒற்றை வரியைச் சேர்த்து ஏற்றி ஓட்டினார்கள். எடுத்தார்கள், வைத்தார்கள், கடைசியையும் எடுத்தார்கள், விளக்கு நிற்கவில்லை. வார்னிங் மட்டும் எப்போதாவது வந்தது, தீங்கில்லாத அந்த இன்னொரு வகை. ஸ்ரீவத்சன் சொன்னதும் உண்மை, செவ்வாய்க்கிழமை நின்றதும் உண்மை, இரண்டு வேறு சமாச்சாரங்கள் ஒரே வரியைச் சொல்லிக்கொண்டு வந்திருந்தன. வரியை எடுத்திருந்தால் இரண்டும் சேர்ந்து ஊமையாகியிருக்கும், ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு கிழவரின் கண் படம் ஆளில்லாத வரிசையில் போய் உட்கார்ந்திருக்கும், மெஷினை அணைத்து எழுப்பும்போது அதில் எழுதாமல் நின்ற மிச்சத்தின் சுவடே இருந்திருக்காது. திருமூர்த்தி வெளியே வந்து பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, குழாய் என்று சத்தமாகச் சொன்னான். அழுகை வந்துவிடுமோ என்று பயந்தான். வரவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டான்.

சாயங்கால வீடியோ காலுக்கு நஸ்ரினும் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் ஸ்ரீவத்சன், பின்னால் புத்தக அலமாரி, யாரோ குக்கர் வைத்திருக்கிற சத்தம். திருமூர்த்தி நன்றாகத்தான் ஆரம்பித்தான். செவ்வாய்க்கிழமை நடந்தது, கடைசிப் பிராசஸர், வரிகளை மாற்றிப் போட்டதும் நின்றது, எல்லாம் ஒழுங்காக வந்தது, தன் குரலைத் தானே கேட்டு அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, அந்தச் சந்தோஷத்தோடேயே, “ஆக நம்ம பிரதியில அந்த இடத்துல,” என்று சொல்லி அடுத்த சொல்லுக்குக் கையை நீட்டினான், சுவர் வழவழப்பாக இருந்தது. “அந்த இடத்துல ஒரு,” என்றான். மத்தியானம் முழுக்க அந்தச் சொல்லோடு இருந்தவன். விரல் அதை அடித்திருக்கிறது, அதன் எழுத்துகள் எந்த இடத்தில் உட்காரும் என்று கண்ணுக்குத் தெரிகிறது, அது என்ன செய்யும் என்று தெரியும். மழை இல்லை, மழையைச் சொல்லிவிடாதே, வாயைத் திறந்தால் எது வரும் என்று தெரியாது, திறக்காதே. குக்கர் விசில் அடித்தது. “மூர்த்தி? கேக்குதா? கட் ஆகுது போல,” என்றான் ஸ்ரீவத்சன். நஸ்ரின் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அந்தச் சொல் தெரியும், அவள் உதடு அதற்காகக் குவிவதைக்கூடப் பார்த்தான். நெட் சரியில்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிடலாம். பி.பி. என்று சொல்லலாம். பத்து நிமிஷத்தில் சொல் வந்துவிடும், எப்போதும் வந்துவிடுகிறது, பத்து நிமிஷம் எங்கேயாவது ஒளிந்துகொண்டால் போதும். இன்றைக்கு ஒளியலாம். நாளைக்கு. அதற்கடுத்த நாள். எத்தனை பாத்ரூம், எத்தனை பத்து நிமிஷம்.

“கட் ஆகலீங்க ஸ்ரீவத்சன்,” என்றான். “எனக்கு வார்த்தை வரல.”

“என்ன?”

“பி.பி.ன்னு சொன்னேன்ல. பி.பி. மட்டும் இல்ல. ஸ்ட்ரோக். சின்னதுதான். யோசிக்கிறதுக்கு ஒண்ணும் ஆகல, சில வார்த்தை மட்டும் சமயத்துல வராது. இப்ப ஒண்ணு வரல. கொஞ்சம் பொறுங்க, வேற மாதிரி சொல்றேன்.”

நஸ்ரினின் கை மேஜை மேல் அப்படியே நின்றது. திருமூர்த்தி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தான், நஸ்ரின் எந்திரி என்றான், கேமராவில் தெரியும்படி இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். “நான் மெஷின்ல இருந்து பிராசஸரை எடுக்கறவன். நீ டிஸ்குக்குப் போற வேலை. நான் சொன்னதும் மொதல்ல கையத் தூக்கு, அப்புறம் என்னைப் பாரு.” தூக்கினார்கள், பார்த்தார்கள். “பார்த்தியா, நீ தெரியற. நான் நிக்கிறேன். இப்ப கண்ண மூடு. மொதல்ல பாரு, அப்புறம் தூக்கு.” இரண்டு பேரும் கண்ணைத் திறந்து பார்த்தார்கள், யார் கையும் மேலே இல்லை, திரும்பிக்கொண்டார்கள், ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டியபடி கையைத் தூக்கினார்கள். அவனுடைய வலது கை தோளுக்கு மேலே போனபோது லேசாக நடுங்கியது. இறக்கவில்லை. “இப்படித்தான் நடக்குது,” என்று முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னான். “நான் போயிட்டேன். அவ உள்ள நிக்கறா. அவளைக் கேக்க ஆள் இல்ல. தூக்கறதுக்கும் பாக்கறதுக்கும் நடுவுல ஒண்ணு நிக்கோணும், தூக்கி முடிக்காம பாக்காதேன்னு சொல்ல.”

ஸ்ரீவத்சன் கேமராப் பக்கம் குனிந்தான்.

“பேரியர்,” என்றான் ஸ்ரீவத்சன். “அங்க பேரியர் இல்லையா?”

“அதுதான்,” என்றான் திருமூர்த்தி. “அந்த வார்த்தைதான்.”

கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டான் ஸ்ரீவத்சன். வார்னிங் இருக்கட்டும், அந்த வரியைச் சேர்த்து அனுப்புங்கள், ஆஸ்பத்திரிக்காரர்களிடம் நானே பேசி அதுவரை எதையும் அணைக்க வேண்டாம் என்று சொல்கிறேன் என்றான். அப்புறம் தயங்கி, “மூர்த்தி, இது எச்.ஆர்.கிட்ட நான் சொல்லியாகணும். தப்பா எடுத்துக்காதீங்க. டாக்டர் சர்ட்டிஃபிகேட் கேப்பாங்க. என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியல,” என்றான். “சொல்லுங்க,” என்றான் திருமூர்த்தி. திரை அணைந்த பிறகும் நஸ்ரின் அங்கேயே இருந்தாள். எங்க பெரியத்தாவுக்கும் வந்துச்சுங்கண்ணா என்று ஆரம்பித்து, அது தேவையில்லை என்று பட்டதுபோல நிறுத்திக்கொண்டு, “நாளைக்குக் காலைல வரைக்கும் ஓட விட்டுட்டுப் போறேன். நின்னா போன் பண்றேன்,” என்றாள். எச்.ஆர். என்ன சொல்லும். வீட்டில் உட்காரச் சொல்லலாம், வேறு ஏதாவது சின்ன வேலை கொடுக்கலாம், இனிமேல் எல்லாருமே அவன் வாக்கியம் முடியும் வரை அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பயம் போகவில்லை. ஆனால் பசித்தது.

கீழே கேட்டுக்கு வெளியே சுகந்தி ஸ்கூட்டரோடு நின்றிருந்தாள். அவனை வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், ஆபீசில் கேட்டால் வண்டி சர்வீசுக்கு விட்டிருக்கிறது என்பான். அவள் அவனுடைய ஹெல்மெட்டை நீட்டினாள். அவன் வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். வேலை முடிந்து போகிறவர்கள் இரண்டு பக்கமும் விலகிப் போனார்கள்.

“ஆபீஸ்ல சொல்லிட்டேன்,” என்றான்.

“எதைங்க?”

“ஸ்ட்ரோக்குன்னு.”

அந்தச் சொல்லை இரண்டு பேரும் அதுவரை வீட்டில் சொன்னதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்கு என்றுதான் சொல்வார்கள், இல்லையென்றால் அன்னைக்கு என்று மட்டும். சுகந்தி ஸ்கூட்டரின் கண்ணாடியைச் சரிசெய்தாள், அது சரியாகத்தான் இருந்தது.

“நான் எங்கம்மாகிட்டகூடச் சொல்லலீங்க,” என்றாள். “பி.பி.ன்னுதான் சொன்னேன். ஸ்கூல்லயும் அதேதான். எங்க டீச்சருங்க கேக்கறப்பெல்லாம் நல்லாயிருக்காரு நல்லாயிருக்காருன்னு.”

“சொல்லு. இனிமே யார்கிட்ட வேணும்னாலும் சொல்லு.”

அவள் தலையாட்டினாள். ஹெல்மெட்டை மாட்டி, வாரைத் தாடைக்குக் கீழே இழுத்துப் பூட்டி, வெயிலும் இல்லாத மழையும் இல்லாத அந்த நேரத்தில் முகக் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டாள். அவன் பின்னால் ஏறி உட்கார்ந்தான். வண்டி கிளம்பவில்லை. அவளுடைய முதுகு விட்டு விட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. அவன் வலது கையை அவள் தோளில் வைத்தான், வைத்தபடி காத்திருந்தான்.